டவுன் சென்டர் சும்மா நிற்கக் கூடாது

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற கம்ப்யூட்டர் விளையாட்டில், முதல் ஆட்டத்தில் நான் கட்டிய மதில் அழகாக இருந்தது. ஊரைச் சுற்றி முழு வட்டம், நாலு கதவு, உள்ளே லைன் வீடு மாதிரி வரிசையாக வீடுகள். நாற்பதாவது நிமிடம் கம்ப்யூட்டர் எதிராளி மதில் இடிக்கும் வண்டி நாலைத் தள்ளிக்கொண்டு வந்தான். ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது.

லீவுக்கு வந்திருந்த அக்கா மகனிடம் அந்த ஆட்டத்தின் பதிவைக் காட்டினேன். மதிலை எங்கே இடித்தார்கள், அங்கே யாரை நிறுத்தியிருக்க வேண்டும் என்று சொல்வான் என நினைத்தேன். அவன் சண்டை வரைக்கும் போகவே இல்லை. பத்தாவது நிமிடத்தில் நிறுத்தினான்.

"சித்தி, இதையப் பாருங்க. டவுன் சென்டர் சும்மா நிக்குது."

"நிக்கட்டும் சாமி, அது கட்டடந்தானே?"

"அது கட்டடம் இல்லீங்க சித்தி. அதுதான் உங்க மெஷின்."

திருப்பூரில் பனியன் கம்பெனிக் கணக்கு எழுதுகிறவளிடம் இந்த வார்த்தையைச் சொன்னால் போதும். பவர் டேபிளில் ஒரு மெஷின் நின்றால் எத்தனை பீஸ் போகும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அன்றிலிருந்துதான் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 எனக்குப் புரிய ஆரம்பித்தது. 1999-இல் வந்த விளையாட்டு. இன்று ஆன்லைனில் ஆடுவது 2019-இல் வந்த டெஃபனிடிவ் எடிஷன். என்னைப் போல நாற்பது வயதுக்கு மேல், வேலை முடித்து வந்து, ஒரு மணி நேரம் மட்டும் உட்கார முடிகிறவர்களுக்காக நான் கற்ற வரிசையிலேயே எழுதுகிறேன்.

கணக்கு இதுதான். ஊர் நடுவே இருக்கும் டவுன் சென்டர்தான் வில்லேஜர் என்கிற வேலையாட்களை உருவாக்கும். ஒரு வில்லேஜருக்கு 50 உணவு, 25 விநாடி. ஆட்டம் தொடங்கும்போது மூன்று பேர் இருப்பார்கள். டவுன் சென்டர் ஓயாமல் ஓடினால் பத்து நிமிடத்தில் இன்னும் 24 பேர், மொத்தம் 27. எனக்கு அன்று இருந்தது 15. அதாவது பத்து நிமிடத்தில் ஐந்து நிமிடம் என் மெஷின் நின்றிருக்கிறது. ஒரு ஆள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 20 உணவோ மரமோ கொண்டு வருவார். 12 ஆள் குறைந்தால் நிமிடத்துக்கு 240 நஷ்டம். நாற்பதாவது நிமிடம் மதில் இடிந்ததற்கு மதில் காரணமே இல்லை.

ஆகவே முதல் இரண்டு வாரம் எனக்குச் சண்டை கிடையாது என்று சொல்லிவிட்டான். கம்ப்யூட்டரை ஆகக் குறைந்த நிலையில் எதிரே வைத்து, அரேபியா வரைபடத்தில், பத்தே நிமிடம் ஆட வேண்டும். பத்து நிமிடம் ஆனதும் மூடிவிட்டுத் திரும்பத் தொடங்க வேண்டும். இரவு சாப்பிட்டுப் பாத்திரம் கழுவிவிட்டு ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் நாலு தடவை ஆடலாம். அலுப்பான வேலைதான். ஆனால் முழு ஆட்டம் நாற்பது ஆடினாலும் வராதது இதில் வந்தது.

அந்தப் பத்து நிமிடம்

தொடங்கும்போது கையில் 200 உணவு, 200 மரம், 100 தங்கம், 200 கல். 200 உணவுக்கு நாலு பேர். முதல் நொடியிலேயே ஹெச் விசையைத் தட்டினால் டவுன் சென்டர் கைக்கு வரும். க்யூவைத் தட்டத் தட்ட ஆள் வரிசையில் சேரும். மவுஸை எடுத்துக்கொண்டு கட்டடத்தைத் தேடிப் போகாதீர்கள். ஹெச், க்யூ, இந்த இரண்டும் விரலில் ஏறினாலே பாதி பாரம் குறையும்.

அடுத்தது வீடு. டவுன் சென்டரில் ஐந்து பேருக்குத்தான் இடம். மூன்று வில்லேஜரும் ஒரு குதிரைக்கார ஸ்கவுட்டும் சேர்த்து ஏற்கெனவே நாலு பேர். முதல் ஆள் பிறந்ததும் ஐந்து நிரம்பிவிடும். 25 விநாடிக்குள் ஒரு வீடு எழும்பவில்லை என்றால் மெஷின் நிற்கும். ஒரு ஆள் தனியாகக் கட்டினால் வீட்டுக்கே 25 விநாடி ஆகும். அதனால் இரண்டு பேரை ஒரு வீட்டுக்கும் மூன்றாம் ஆளை இன்னொரு வீட்டுக்கும் அனுப்புங்கள். ஒரு வீடு 25 மரம், ஐந்து பேருக்கு இடம். பிறகும் இரண்டு இடம் மிச்சம் இருக்கும்போதே அடுத்த வீட்டைத் தொடங்கிவிட வேண்டும். நான் மறந்து மறந்து மாட்டிக்கொண்டது இதில்தான். வாடகைக்கு வீடு பார்க்காமல் ஆள் எடுத்த கம்பெனி மாதிரி.

ஸ்கவுட்டை ஊரைச் சுற்றி வட்டமாக ஓட்டி ஆடுகளைத் தேடுங்கள். நாலு ஆடு பக்கத்திலேயே இருக்கும், இன்னும் இரண்டு இரண்டாக நாலு கொஞ்சம் தள்ளி இருக்கும். ஆட்டுக்கு 100 உணவு. அவற்றை டவுன் சென்டரின் அடியிலேயே கொண்டு வந்து நிறுத்தி, ஒவ்வொன்றாக வெட்ட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வெட்டினால் இறைச்சி கெட்டு உணவு தானாகக் குறையும். நான் முதல் நாள் எட்டையும் வெட்டிப் போட்டேன். கறிக்கடைக்காரர்கூட அப்படிச் செய்ய மாட்டார்.

ஆள் பிரிப்பது இப்படி. முதல் ஆறு பேர் ஆட்டுக்கு. அடுத்த நாலு பேர் மரத்துக்கு. மரக் கிடங்குக்கு 100 மரம் ஆகும், காட்டை ஒட்டியே கட்டுங்கள், ஒரு கட்டம்கூடத் தள்ள வேண்டாம். அடுத்த ஒரு ஆள் பன்றிக்கு.

இங்கே ஒரு கிளைக்கதை. விளையாடுகிற பிள்ளைகள் யாரும் பன்றி என்று சொல்வதில்லை. ஆங்கிலத்திலேயே 'போர்' என்கிறார்கள். "சித்தி, போர் எங்க இருக்குன்னு பாத்து வெச்சுக்கங்க" என்றான். நான் சண்டை எங்கேயோ தொடங்கிவிட்டது என்று ஸ்கவுட்டை எதிரி ஊருக்கு ஓட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து, "போர் வந்துருச்சா?" என்றான். "வரலை சாமி, அமைதியாத்தான் இருக்கு" என்றேன். சிரித்து முடிக்க அவனுக்கு இரண்டு நிமிடம் ஆனது.

அந்தப் பன்றியில் 340 உணவு இருக்கிறது, மூன்றரை ஆட்டுக்குச் சமம். ஒரு ஆளை அனுப்பி அம்பு விட வைத்ததும், உடனே டவுன் சென்டரை நோக்கித் திருப்பி ஓட விட வேண்டும். பன்றி துரத்திக்கொண்டு வரும். ஊருக்குள் வந்ததும் ஆட்டில் இருப்பவர்களை அதன் மேல் ஏவுங்கள். துரத்தப்பட்ட ஆள் டவுன் சென்டருக்குள் புகுந்துகொள்ளலாம். வில்லேஜரின் உயிர் 25 தான், நாலைந்து குத்தில் செத்துப்போவார். லூம் என்கிற மேம்பாடு 50 தங்கம், போட்டால் உயிர் 40 ஆகும். ஆனால் அது முடிய 25 விநாடி, அந்த நேரம் ஒரு ஆள் பிறக்க மாட்டார். கைதேர்ந்தவர்கள் அதனால்தான் லூமைக் கடைசி வரை தள்ளிப்போடுகிறார்கள். என் யோசனை வேறு: கற்றுக்கொள்கிற ஆறு மாதமும் பன்றிக்கு முன்பே போட்டுவிடுங்கள். 25 விநாடி நஷ்டம் தெரிந்த நஷ்டம். ஆள் செத்து, பன்றி திரும்பிப் போய், நீங்கள் பதறுகிற ஒன்றரை நிமிடம் கணக்கில் வராத நஷ்டம். இதில் அவனுக்கும் எனக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

பன்றிக்குப் பிறகு வரும் நாலு பேர் பெர்ரிச் செடிக்கு. அங்கே 100 மரத்தில் உணவு கொண்டு வந்து சேர்க்க ஒரு மில். இரண்டாவது பன்றியையும் அதே முறையில் கொண்டு வாருங்கள். மற்ற எல்லோரும் மரத்துக்கு. 20 வில்லேஜர் ஆனதும், 500 உணவு சேர்ந்திருந்தால், ஃப்யூடல் ஏஜ் என்கிற அடுத்த காலத்துக்குப் போகும் பொத்தானை அழுத்துங்கள். அதற்கு முந்தைய காலத்துக் கட்டடம் இரண்டு வேண்டும், மில்லும் மரக் கிடங்கும் அதற்கே போதும். வீடுகள் கணக்கில் வராது.

ஒருநாள் இதை நோட்டில் வரவு செலவாகவே எழுதினேன். தொடக்கத்து மூன்று பேர் போக 17 பேருக்கு 850, காலம் மாற 500, மொத்தம் 1350. கையில் இருந்தது 200, ஆக சேர்க்க வேண்டியது 1150. எட்டு ஆடும் இரண்டு பன்றியும் சேர்ந்து 1480. அப்புறம் பெர்ரி எதற்கு? அவனிடம் கேட்டேன். "ஒரு ஆட்டைச் சுத்தி எத்தனை பேர் நிப்பாங்க சித்தி? வேகம் பத்தாது. அதுமில்லாம கறி தீர்ந்ததும் பண்ணை போட மரம் வேணும், அது வரைக்கும் பெர்ரி தாங்கும்." ஒரு பண்ணைக்கு 60 மரம். சரிதான். ஸ்டாக் இருப்பது வேறு, அது லைனுக்கு வந்து சேருகிற வேகம் வேறு.

நேரம் பார்ப்போம். 17 பேருக்கு 425 விநாடி, லூமுக்கு 25. ஒரு விநாடி விடாமல் ஓட்டினால் 7 நிமிடம் 30 விநாடியில் அழுத்தலாம். என் முதல் முயற்சி 11 நிமிடத்தைத் தாண்டியது. ஒரு வாரத்தில் 9:40. "எட்டரைக்குள்ள வந்தாத்தான் சண்டை" என்று சொல்லியிருந்தான். பதினாறாவது நாள் 8:22. அக்காவுக்கு போன் போட்டுச் சொன்னேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் சந்தோஷப்பட்டாள்.

சொல்லிக்கொடுப்பவரிடம் எப்படிக் கற்பது

விளையாட்டைவிட இதுதான் கஷ்டம். நன்றாக ஆடுகிறவர் ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் கற்றுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பயனே இல்லை. அவன் திரை ஒரு விநாடிக்கு இரண்டு இடம் தாவும். எனக்குத் தலை சுற்றியதுதான் மிச்சம். நார்வேக்காரர் தவைப்பர், கனடாக்காரர் ஹேரா போன்ற பெரிய ஆட்டக்காரர்கள் ஆடுகிற வீடியோக்களும் அப்படித்தான். பார்க்க ஆசையாக இருக்கும், கை கற்காது. நீங்கள் ஆட, அவர் பார்க்க வேண்டும்.

நான் அவனுக்கு இரண்டு சட்டம் போட்டேன். ஒன்று, என் மவுஸைத் தொடக் கூடாது. "இருங்க சித்தி, நான் காட்டறேன்" என்று வாங்கிவிட்டால் வேலை முடிந்துவிடும், நான் அங்கேயேதான் இருப்பேன். இரண்டாவது, ஒரு ஆட்டத்துக்கு ஒரே ஒரு திருத்தம். முதலில் பதினாலு குறை சொன்னான். பதினாலையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு அடுத்த ஆட்டத்தில் அதே பதினாலு தப்பையும் செய்தேன்.

கேட்கும் கேள்வியையும் மாற்ற வேண்டும். "எப்படி ஜெயிக்கிறது?" என்று கேட்டால் எந்த நல்ல ஆட்டக்காரரும் பொதுவாகத்தான் பதில் சொல்வார். "முதல் தப்பு எத்தனையாவது நிமிஷம்?" என்று கேளுங்கள். பதில் எப்போதும் நாம் தோற்றதாக நினைக்கிற இடத்துக்கு வெகு முன்னால் இருக்கும்.

அவன் ஹாஸ்டலுக்குத் திரும்பிய பிறகு பதிவுக் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். ராத்திரி வாய்ஸ் நோட் வரும்: "4:50-ல ரெண்டு பேரு மரத்துக்கிட்ட சும்மா நிக்கறாங்க சித்தி." முற்றுப்புள்ளி விசையைத் தட்டினால் சும்மா இருக்கும் ஆளிடம் திரை தானே போகும் என்பதை அப்படித்தான் அறிந்தேன். பதிவுகளைச் சேர்த்து வைத்துப் பிறகு பார்க்கலாம் என்று விடாதீர்கள். விளையாட்டு அப்டேட் ஆகிவிட்டால் பழையவை பல நேரம் திறக்காது. இப்படி அக்கா மகன் வாய்க்காதவர்களுக்கு விளையாட்டுக்குள்ளேயே ஆர்ட் ஆஃப் வார் என்ற பாடங்கள் இருக்கின்றன. நேரம் குறித்து மெடல் தரும். முகத்தைப் பார்த்துச் சிரிக்காது, அது ஒரு வசதி.

நாகரிகம் எதை எடுப்பது, அதாவது எந்த மக்களாக ஆடுவது என்பதில் ஒரு சண்டை வந்தது. 2022 ஏப்ரலில் வந்த டைனஸ்டிஸ் ஆஃப் இந்தியா என்ற கூடுதல் தொகுப்பில் திராவிடியன்ஸ் இருக்கிறார்கள். ஆளைத் தொட்டால் தமிழில் பதில் சொல்கிறார்கள். உருமி சுழற்றும் வீரர்கள், திரிசடை என்ற கப்பல், ராஜேந்திர சோழன் கதை எல்லாம் உண்டு. அதைத்தான் ஆடுவேன் என்று பிடிவாதமாக இருந்தேன். "அவங்களுக்கு நைட்டுங்கற கவசக் குதிரை வீரன் கிடையாது சித்தி. நீங்க முதல்ல குதிரை ஓட்டப் பழகோணும்" என்று ஃப்ராங்க்ஸை எடுக்கச் சொன்னான். அவர்களுக்குப் பெர்ரி பறிக்கும் வேகம் அதிகம், பண்ணை மேம்பாடுகள் இலவசம், குதிரை வீரருக்கு உயிர் கூடுதல். கடைசியில் வாரநாளில் ஃப்ராங்க்ஸ், ஞாயிற்றுக்கிழமை திராவிடியன்ஸ் என்று முடிவானது. காலம் மாறும்போதெல்லாம் திராவிடியன்ஸுக்கு 200 மரம் சும்மா கிடைக்கும், மூன்று பண்ணை போடலாம். ஞாயிறு மட்டும் அந்தச் சொகுசு.

எதை எடுத்தாலும் ஒரு மாதம் ஒரே நாகரிகம், ஒரே வரைபடம், ஒரே வரிசை. அப்போதுதான் நேற்றையும் இன்றையும் ஒப்பிட முடியும்.

சண்டை

ஃப்யூடல் ஏஜுக்கு மாற 130 விநாடி. அந்த நேரம் டவுன் சென்டர் ஆள் உருவாக்காது. அப்போது ஆட்டில் மிச்சம் உள்ளவர்களை மரத்துக்கு மாற்றி, 175 மரத்தில் பேரக்ஸ் என்கிற படைவீடு கட்டுங்கள். காலம் மாறியதும் மரம் வெட்டும் மேம்பாடு, இன்னொரு 175-இல் குதிரை லாயம். ஸ்கவுட் ஒன்றுக்கு 80 உணவு. மூன்று சேர்ந்ததும் எதிரியின் மரம் வெட்டுகிறவர்கள் மேல் விடுங்கள். ஈட்டிக்காரன் வந்தால் நின்று மல்லுக்கட்டாமல் பெர்ரிப் பக்கம் ஓடிவிடுங்கள். ஈட்டி குதிரையைக் கொல்லும், வில் ஈட்டியைக் கொல்லும், எறிவேல் வீசும் ஸ்கர்மிஷர் வில்லைக் கொல்லும். ஆரம்பத்துக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

தொல்லை என்னவென்றால், குதிரை ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கும். அந்த நேரம் வீட்டில் மெஷின் நின்றுபோகும். இதற்கு அவன் சொன்ன வழி எனக்குச் சரிப்படவில்லை. நானே கண்டுபிடித்தது ஒன்று: ஆள் பிறக்கும்போது டவுன் சென்டர் ஒரு சத்தம் கொடுக்கும். கூடத்தில் உட்கார்ந்து கணக்கு எழுதினாலும் குக்கர் எத்தனை விசில் என்று காது எண்ணுமே, அதே மாதிரி அந்தச் சத்தத்துக்குக் காதைப் பழக்கினேன். சத்தம் கேட்டதும் கை தானாக ஹெச், க்யூ. கண் சண்டையை விட்டு நகர வேண்டியதில்லை. பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஆடுகிறவர்களுக்கு இது வராது.

ஆன்லைனில் புள்ளிக்கு ஆடும் ரேங்க் ஆட்டத்தில் எல்லோரும் 1000 புள்ளியில் தொடங்குவோம். 1000 என்பது தொடக்கக்காரர் நிலை இல்லை, பல வருடம் ஆடியவர்கள் அங்கே இருக்கிறார்கள். நான் முதல் ஏழு ஆட்டமும் தோற்றேன். அதில் ஒன்று, மரவேலி போட்டு என் ஆட்களையே தங்கத்துக்கு வெளியே அடைத்துக்கொண்ட ஆட்டம். 780-க்கு வந்த பிறகுதான் எனக்குச் சமமானவர்கள் கிடைத்தார்கள். இந்த இறக்கத்தை வழியில் வரும் பள்ளம் என்று எடுத்துக்கொண்டு விடாமல் ஆடுங்கள். இப்போது 850 பக்கம் நிற்கிறேன். அவன் 1600.

தோற்றது தெரிந்ததும் ஜிஜி (குட் கேம்) என்று அடித்துவிட்டு வெளியேறுங்கள் என்பான் அவன். அவன் மட்டத்தில் அது சரி. 800-இல் வெளியேறாதீர்கள். எதிரிக்கும் முடிக்கத் தெரியாது. என் குதிரை லாயத்தை எரித்துவிட்டு, ஊரை விட்டுவிட்டு, காட்டோரம் என் ஒரே ஒரு வீட்டை எட்டு நிமிடம் இடித்துக்கொண்டிருந்த ஒருவரை நான் ஜெயித்திருக்கிறேன். அரட்டைப் பெட்டியில் 11 என்று அடித்தால் சிரிப்புச் சத்தம் கேட்கும். அதை ஜெயிக்கும்போது அடிக்காதீர்கள், நாம் தோற்கும்போது அடித்தால் எதிரியும் பதிலுக்குச் சிரிப்பார்.

அடுத்த மாதம் வில்வீரர் வரிசை சொல்லித் தருகிறேன் என்றிருக்கிறான். அதற்குக் காலம் மாறும் முன் 22 வில்லேஜர் வேண்டுமாம். நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன், 50 விநாடி தள்ளிப்போகும், 100 உணவு கூடுதல். அந்த நூறு எந்தச் செடியிலிருந்து வரும் என்று அவனிடம் கேட்க வேண்டும்.